தலை அளவு

சனிக்கிழமை இரவு ஒன்பதேகாலுக்குத் தோற்றோம்.
ஞாயிறு காலை பத்து மணிக்கு
லைல் டெட்ரிக்கின் சாவி கதவைத் திறக்கவில்லை.

எனக்கு முந்தின இரவே தெரியும்.
ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
சலவை அறைக்குள் வந்தார்,
கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி
துணி உலர்த்தியின் மேல் வைத்தார்.
"நல்லா ஊதுற விசில்தான், டெல்லா."
அவ்வளவுதான் பேசினார்.

ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு வருடம் பாக்கி.
வேலை செய்யாமலிருக்க அவருக்குப்
பதினொரு மில்லியன் டாலர்.
வேலை செய்ய எனக்கு
மணிக்குப் பத்தொன்பது.
குறை சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

திங்கள் முதல் ஊர் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது.
டிசம்பரில் கேன்சஸ் வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது,
தானியக் கிடங்கு ஸ்டாம்பரின் குட்டி ஜெட்டைத் தவிர?
எங்கே இறங்கியது, எத்தனை நிமிடம் நின்றது,
திரும்பும்போது யார் கூட வந்தது.
டல்சா என்றார்கள். பாய்ஸி என்றார்கள்.
தீயணைப்பு நிலையத்தில் பந்தயம் கட்டினார்கள்.
பல் மருத்துவர் என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே
"யாராம்?" என்றார்.
நல்லவேளை, வாய்க்குள் கை இருந்தது.

இதற்கிடையில் வெஸ் ஒகார்ட்.
'இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளர்' என்று
கதவில் ஒரு காகிதம்.
ஒட்டிய டேப் ஒரு மூலையில் விட்டுப்போய்
ஹீட்டர் ஓடும்போதெல்லாம் படபடக்கும்.
பதினாறு வருடம்,
நாலு தலைமைப் பயிற்சியாளர்களுக்குக் கீழே,
முன்வரிசைப் பையன்களின் பாதங்களை மட்டுமே
பார்த்துக்கொண்டிருந்தவர்.
இப்போது மூன்று வாரத்துக்கு, ஒரே ஓர் ஆட்டத்துக்கு
முழு மைதானமும் அவருடையது.

இரவு பதினொன்றுக்கும் அவர் அறையில் விளக்கு.
பலகையில் வட்டமும் பெருக்கலும்,
அம்புக்குறிகள், அழித்த தடம், மறுபடி அம்புக்குறிகள்.
வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் நின்று
காய்ந்துகொண்டிருக்கும் சாக்ஸைப் பார்த்தபடி கேட்பார்:
"எதாவது காதில் விழுந்ததா?"
இல்லை என்பேன்.
புதன்கிழமை வரை அது உண்மை.

புதன்கிழமை மார்லா க்விஸ்ட் மேலே இருந்து அழைத்தாள்.
"மேடைக்கு ஒரு ஜாக்கெட். எக்ஸ்ட்ரா லார்ஜ். ஒரு தொப்பி.
யாரிடமும் மூச்சு விடாதே."
தொப்பி என்ன அளவு?
காகிதம் புரளும் சத்தம்.
"ஏழரை."

சனிக்கிழமைகளை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு
ஏழரை.

இந்தக் கட்டடத்தில் எல்லோர் அளவும் எனக்கு அத்துப்படி.
வெஸ்ஸுக்கு ஏழேகால்.
மூன்று பத்திரிகைக்காரர்கள்
இருபது நாளாகத் துரத்திய ரகசியம்
என் கையில் ஒரு மண்டையின் சுற்றளவாக இருந்தது.
பெயர் இல்லை. முகம் இல்லை.
வெஸ் இல்லை.

அன்றிரவு அவர் வந்தபோது
ஆவி பிடித்து மரக்கட்டையில் கவிழ்த்து வைத்திருந்தேன்,
எடுத்து மறைக்க நேரமில்லை.
பேசிக்கொண்டே எடுத்தார்,
பேசிக்கொண்டே தலையில் வைத்தார்.
தொப்பி புருவத்தைத் தாண்டிக் காது வரை இறங்கியது.

உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்தது.
உள்ளே ஏதோ ஒரு ஜிப் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

கழற்றினார். உள்விளிம்பில் எண்ணைப் படித்தார்.
"துவைத்தால் சுருங்குமா?"
"கம்பளி. வெந்நீரில் போட்டால் சுருங்கும்."
"எவ்வளவு?"
"அவ்வளவு சுருங்காது, வெஸ்."
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
நாளைக்கு நாற்பது பந்துக்கும் காற்றடிக்க வேண்டும்,
குளிரில் இறங்கிவிடுகிறது என்றார்.
தொப்பியைக் கட்டையில் திரும்ப வைத்தார்,
நெற்றிப்பக்கம் நேராக.

வெள்ளிக்கிழமை மேடை. பித்தளை வாத்தியங்கள்.
வந்தவர் எங்கள் ஊரின் பெயரைத் தப்பாக உச்சரித்து,
சின்ன வயதுக் கனவு இந்த ஊர் என்றார்.
தொப்பி கச்சிதம்.
அதற்காகக் கைதட்டியது நான் ஒருத்திதான் இருப்பேன்.

பாதியில் இறங்கிக் கீழே வந்தேன்.
சரக்குக் கதவு காற்றில் திறந்து கிடந்தது,
வெளியே மைதானத்தில் பையன்களின் மூச்சு வெள்ளையாக.
ஒரு விசில்.
நின்று கேட்டேன். இன்னொரு முறை.

உலர்த்தியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன்.
அங்கே இல்லை.
எப்போது எடுத்தாரோ.