கீழ் வீடு

ஓய்வூதியக்காரர்களுக்குப் புதன்கிழமை பாதிக் கட்டணம்.
அதனால்தான் வந்தேன் என்று
கோட்டை வாங்கி மாட்டுகிற பையனிடம் சொன்னேன்.
அவன் கேட்கவே இல்லை.

சுவர் நிறைய மிர்ட்ஸா கல்வானே.
நாற்பத்தோரு வருட வேலை, ஆறு அறை.
வழி தவறாமலிருக்கத் தரையில் அம்புக்குறி.
எனக்கெதற்கு?
இதில் பாதி என் தலைக்கு மேலேதான் நடந்தது.

லியெபாயாவில், டிராம் திரும்புகிற முனையில்
மூன்றாம் மாடி அவள், இரண்டாம் மாடி நான்.
எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே
அவளுடைய அச்சு எந்திரம்.
கர்ர்ர் என்று உருளை போகும்.
ஒரு மூச்சு நிற்கும்.
டொக்.
கர்ர்ர் என்று திரும்பி வரும்.
விளக்கு ஆடும், பீட்ரூட் சூப்பில் வட்டம் எழும்.
கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்;
எனக்குக் கொடுத்தது சுண்ணாம்புப் பொருக்கு.

பத்தொன்பது வருடத்தில் பதினான்கு புகார்
எழுதினேன் வீட்டு நிர்வாகத்துக்கு.
கார்பன் தாள் வைத்து, அழுத்தி, நகல் எடுத்து.
அதுவும் அச்சு வேலைதானோ என்று
இப்போது தோன்றுகிறது.

முதல் அறையில் துறைமுகம்.
செம்புத் தகட்டில் அமிலம் அரித்த அலைகள்.
கலங்கரை விளக்கம் தப்பான பக்கத்தில் நிற்கிறதென்று
ஒரு கிழவர் மனைவியோடு மல்லுக்கு நின்றார்.
அவள் கைப்பையிலிருந்து
முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப்
படத்துக்கு எதிரே பிடித்தாள்.
ஊர் நேரானது.
கிழவர் வாய் மூடியது.
"தள்ளி நின்று, தள்ளி நின்று" என்றாள்
நாற்காலியிலிருந்து எழாமலே காவல்காரி.

குதிரைகள், மீன் கூடைகள், ஏதோ ஒரு திருமணம்:
எல்லாவற்றையும் வேகமாகக் கடந்தேன்.
கால் வலி.

ஐந்தாம் அறை வாசலில் எழுதியிருந்தது:
கீழ் வீடு. பன்னிரண்டு தகடுகள்.

ஒன்றிலும் ஆள் இல்லை.
உச்சியிலிருந்து பார்த்த மேசை.
விழுந்த கரண்டி.
இழுபட்ட நாற்காலியின் நான்கு கீறல்.
ஐந்தாவது தகட்டின் பெயர் இருமல்.
அதை எப்படி வரைந்தாள் என்று கேட்காதீர்கள்,
பார்த்ததும் எனக்குத் தொண்டை கமறியது.
என் வாசற்படியை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை.
ஆனாலும் அது என் அடுப்பு, என் மூலை,
இடவலம் மாறி.
சுவருக்குத்தான் காது என்பார்கள்.
தரைக்கும் இருந்திருக்கிறது.

ஒன்பதாவதில் பாதிதான் படம்.
அட்டையில்: நவம்பர் 14, 1989.
அச்சு இடையில் நிறுத்தப்பட்டது. ஒரே பிரதி.
இடப்பக்கம் அடர்கறுப்பு,
வலப்பக்கம் வெறும் தாள்,
நடுவே மேலிருந்து கீழாக ஒரு வடு.
உருளை அங்கேயே நின்றிருக்கிறது,
ஈரத்தாள் அதன் எடைக்கடியில் விடியும்வரை
காய்ந்திருக்கிறது.

அன்றிரவுதான் குன்டார்ஸ்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.
கதவு ஒன்று அறைந்தது.
தட்டு இரண்டு உடைந்தது.
பிறகு நான் போட்ட சத்தத்தை
யாரும் எண்ணவில்லை என்றிருந்தேன்.

கர்ர்ர் கேட்டது நினைவிருக்கிறது.
டொக் கேட்கவில்லை.
சனியன், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டு
அந்த அமைதிக்குள் படுத்து அழுதேன்.

அடுத்த வாரமே ஆறாவது புகாரை எழுதினேன்.
நல்ல கையெழுத்தில்.

காவல்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.
"ஓவியரைத் தெரியுமா உங்களுக்கு?"
பேசியதில்லை, என்றேன்.

ஆறாம் அறைக்குப் போகவில்லை.
கோட்டு வாங்கும்போது பையன் எண் கேட்டான்,
வில்லையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு
தரையெல்லாம் தேடினேன்.

மூன்றாம் மாடியில் இப்போது யாரோ புதுத் தம்பதி.
துணி துவைக்கும் எந்திரம் ஒன்று, அவ்வளவுதான் ஓசை.
இரவு பத்தரைக்குச் சமையலறை நாற்காலியை
வேண்டுமென்றே ஒருமுறை இழுத்தேன்,
நான்கு காலும் கீற.

மேலே நடந்துகொண்டிருந்த கால்
நின்றது.