பன்னிரண்டு வோல்ட்

ரிசீவர் விழித்துக்கொண்டது.
நீல எழுத்தில் தன் பெயரைக் காட்டியது.
உள்ளே ஒரு ரிலே டக்கென்றது.
பக்கத்தில் ஆம்பிளிஃபயர் அசையவே இல்லை.
பதினெட்டுக் கிலோ கருப்பு இரும்பு.
ஆம்பூரில் வீடு காலி செய்த பர்வேஸிடம்
மாசிலாமணி பேரம் பேசி வாங்கி
பாசஞ்சர் வண்டியில் மடியில் வைத்துக்
கொண்டுவந்தது. தொடையில் இன்னும் தடம்.

காட்பாடியில் மே மாதம்.
இரவு பத்துக்கும் மொசைக் தரை சுடுகிறது.
சுவருக்கும் டிவி மேசைக்கும் நடுவே
செல்போன் விளக்கைப் பல்லில் கடித்தபடி
குப்புறக் கிடக்கிறேன்.
அவன் ட்யூட்டிக்குப் போய்விட்டான்.
ஜோலார்பேட்டையிலிருந்து சரக்கு வண்டி.
"நீயே பாத்துக்க, எனக்கு எஞ்சின்தான் தெரியும்."

பின்பக்கம் ஒரு ஸ்விட்ச், மூன்று நிலை.
முதல் நிலை: எப்போதும் ஆன்.
இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன்,
பாட்டில்லாமலே மூடி கொதித்தது.
வேலூர் பக்கத்தில் இருந்துகொண்டு
சூட்டைக் காசு கொடுத்து வாங்குவார்களா?

இரண்டாவது: சத்தம் கேட்டால் எழும்.
இதில் ஒரு வாரம் ஓடியது.
கீழ்வீட்டில் தனபாக்கியம் அக்கா மகளுக்குப் பரீட்சை,
வால்யூம் எப்போதும் அடிமட்டம்.
படத்தில் இருவர் பேசாமல் சாப்பிடுவார்கள்,
குழம்பு ஊற்றுவார்கள், பேசமாட்டார்கள்.
யாருமில்லை என்று முடிவுகட்டி
ஆம்பிளிஃபயர் படுத்துவிடும்.
அவள் வாய் திறந்து சொன்ன முதல் சொல்
அது எழுந்திருப்பதற்குள் போய்விடும்.
மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தும்
அந்தச் சொல் என்னவென்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதுக்கு ஒரு ஒயர் வேண்டும்.
சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில்
கொடுத்த பின்னில் இரண்டு கருப்பு வளையம்.
அது பாட்டுக்கு, இதற்கு ஒற்றை வளையம் போதும்
என்று திருப்பிக் கொடுத்தபோது
கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார்,
பின்னை ஒருமுறை பார்த்தார்.

ஒற்றை வளையம் மாட்டியும் அசையவில்லை.
மல்டிமீட்டர் வைத்தேன். பூஜ்யம்.
ஒயரை மாற்றிப் போட்டேன். பூஜ்யம்.
வியர்வை கண்ணில் இறங்கியது.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று,
கடைசியில் அகப்பட்டது:
ட்ரிக்கர் ஒன்று, இரண்டாம் அறைக்கு.

எங்களுக்கு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு.
இல்லாத அறையில் விளக்கு எரியும்வரை
சேதி சொல்லமாட்டேன் என்று
இத்தனை நாள் காத்திருக்கிறது இந்தப் பெட்டி.
தரையில் கிடந்தே சிரித்தேன்.
விளக்கு வாயிலிருந்து நழுவி
ஒட்டடைக்குள் உருண்டது.

முதல் அறை என்று மாற்றினேன்.
பதினொன்று புள்ளி ஒன்பது.
டக்.
ஒரு மூச்சு இடைவெளி.
டொக்.
ஸ்பீக்கர் தோலில் சின்னதாய் ஒரு சிலிர்ப்பு.

இந்த ஒயரில் பாட்டு போகாது.
வசனம் போகாது, மழைச்சத்தம் போகாது.
விழித்திருக்கிறேன் என்பது மட்டும் போகும்.
அந்தப் பக்கம் அது போதும்.

எஞ்சினில் அவனுக்கும் ஒரு பொத்தான் உண்டு.
கை ஓய்ந்திருந்தால் நிமிஷத்துக்கு ஒருமுறை
தட்டிக் காட்டவேண்டும், தூங்கவில்லை என்று.
தவறினால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும்.
கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது
பாவமாக இருந்தது.
இப்போது யோசித்தால்
அவ்வளவு பெரிய இரும்பு
நிமிஷத்துக்கு ஒருமுறை ஒருவனைக் கேட்கிறது.
நான் நாளைக்கு ஒருமுறை கேட்கிறேன்,
அதுவும் சாப்பிட்டாயா என்று.

இரண்டு பத்துக்கு ஸ்டேஷன் பக்கம்
ஒரு சரக்கு வண்டி ஹாரன் கொடுத்துப் போனது.
அவனா, வேறு யாருமா, தெரியாது.
ரிசீவரை அணைத்தேன். இரண்டும் அணைந்தன.
மறுபடி போட்டேன்.
டக். டொக்.

கீழே
தனபாக்கியம் அக்கா வீட்டில்
விளக்கு எரிந்தது.