கைவசம்

கிசிலோர்தா தாண்டி எட்டாம் நிமிடம்
உயரமானி அறுபது அடி ஏறியது.
பிறகு தொண்ணூறு இறங்கியது.
தௌரென் தேநீரைக் கீழே வைத்தார்.
காற்றாக இருக்கும் என்றார்.
காற்று இல்லை.
முழங்காலோரச் சக்கரம்
வெள்ளைக் கோடு மின்ன மின்ன
முன்னும் பின்னும் சுழன்றது,
சாவியைத் தொலைத்தவன்
ஒரே பையை மூன்றாம் முறை துழாவுவதுபோல்.

பிறகு வலது இறக்கை
யாரும் கேட்காமலே
தாழ்ந்தது.

அலறல் ஒலி. தன்னியக்கி விலகிக்கொண்டது.
இரண்டாவதை இணைத்தோம்.
நான்கு நிமிடம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு
அதுவும் கைவிட்டது.

கைவிட்டது என்று
அறிக்கையில் எழுத முடியாது.

தௌரென் சார்சென்பாயெவ்: பதினேழாயிரம் மணிநேரம்.
முப்பத்தாறாயிரம் அடியில் காற்று மெலிது;
விரற்கடை கேட்டால் முழம் கொடுக்கும்.
மூக்கைத் தாழ்த்தினார், கூடுதலாகத் தாழ்ந்தது.
தூக்கினார், கூடுதலாகத் தூக்கியது.
பின்னால், பவுர்சாக் மூட்டைகளோடு
கல்யாணத்துக்குப் போகும் கூட்டம்
ஒவ்வொரு முறையும் ஓய்! என்று சிரித்தது.
மூன்றாம் முறை சிரிக்கவில்லை.

காரணம் கேட்டது அக்தோபெ.
சொன்னேன்.
மேலே ஆயிரம் அடியில் ஒருவர் தடம்,
கீழே ஆயிரம் அடியில் இன்னொருவர்;
அந்த உயரத்தில் கையால் ஓட்டுபவர்களுக்கு இடமில்லை.
இருபத்தெட்டாயிரத்துக்கு இறங்கச் சொன்னார்கள்.

இறங்கும்போது, முகம் திருப்பாமல்:
“கொஸ்தனாயில் எதை ஓட்டினாய், மெருயெர்த்?”
அன்-2. வெட்டுக்கிளிக்கு மருந்து தெளித்தேன்.
இரட்டைத் தட்டு இறக்கை, கோதுமைக்கு மேல் ஐந்து மீட்டர்,
தும்மினால்கூடக் கணக்கு வைத்துத் தும்ம வேண்டும்.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
“இந்த உயரத்தில் இதை நான் தொட்டு
பதினோரு வருஷம் இருக்கும்.”
அப்புறம் விதிப்படியான வாசகம்:
“கட்டுப்பாடு உன்னிடம்.”
“கட்டுப்பாடு என்னிடம்.”

இரண்டு விரல், ஒரு கட்டைவிரல்.
பிடிக்கவில்லை.
நான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிந்தால் போதும்.
அது நழுவ நினைக்கும் முன்
உள்ளங்கையில் ஒரு சின்ன அரிப்பு வரும்,
அப்போது அசைத்தால் சரி.
ஊசி நடுங்கியபின் அசைத்தால் தாமதம்.

கீழே ஆரல். கடல் இருந்த இடம்.
உப்பு வெளுத்துக் கிடந்தது.
எங்கள் திரையின் வரைபடம் மட்டும்
அங்கே இன்னும் நீலம் பூசியிருந்தது.

மேற்கே போகிறோம், சூரியன் இறங்க மறுக்கிறது.
ஒரு மணி பதினைந்து நிமிடம் நேர் கண்ணில்.
தௌரென் உணவுத்தட்டின் அட்டையைக் கிழித்து
என் பக்கக் கண்ணாடியில் செருகினார்,
சரியாக நிற்கவில்லை என்று கையாலேயே பிடித்திருந்தார்.
அந்த ஒருமணியும் நாங்கள் பேசியது
எண்கள் மட்டும்.

அக்தாவில் இறங்கினோம்.
சூடான தேநீர் தரவில்லை என்று இருவர் புகார்.
கல்யாணக் கிழவர் ஒருவர் எனக்கு
எண்ணெய் ஊறிய பவுர்சாக் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்.
குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினேன்.
மெக்கானிக் படித்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றான்.

இரவு விடுதியில் கோப்பையைத் தூக்கினேன்.
மேசை அசையவில்லை, தரை அசையவில்லை.
விரல்கள் மட்டும்
கோப்பையைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது.
காஸ்பியன் ஜன்னலுக்கு வெளியே.
நிறுத்தச் சொன்னேன்.
கேட்கவில்லை.