மூன்றாம் நாள்: ஒன்றுமில்லை

ஹில்கே எழுதியிருக்கிறாள்:
ஆறு பேர் வருகிறோம், ஜூலை பத்து.
எங்கள் ஊர் கடல்மட்டத்துக்கும்
இரண்டு மீட்டர் கீழே.
கரை எழுப்பிக் கடலைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம்.

இங்கே மார்ச். முர்காபில்
தண்ணீர் வாளியைத் திறக்க
இன்னும் கோடாரி வேண்டியிருக்கிறது.
ஆறு மணிக்கு வரும் மின்சாரம்
ஒன்பதுக்குப் போய்விடும்.
அதற்குள்
ஒரு கோடைகாலத்தை நான் தட்டச்சு செய்தாக வேண்டும்.

முதல் நாள்: ஓஷ் விமான நிலையம். எர்கேஷ் காத்திருப்பான்.
அவன் பிடித்திருக்கும் அட்டையில்
உங்கள் பெயர் தப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.
இரண்டாம் நாள்: கிசில்-ஆர்ட் கணவாய், எல்லைச் சாவடி,
அனுமதித் தாள்கள், முத்திரைகள்,
காவலர்களுக்கு ஓஷிலிருந்து ஒரு தர்பூசணி.
இரவு எங்கள் வீட்டில்.
மூன்றாம் நாள்: ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
அதைவிடச் சரியான சொல் அகப்படவில்லை.

பதில் வந்தது.
மூன்றாம் நாளை எடுத்துவிடலாமே, ஊல்கான்,
ஒன்றுமில்லாத நாளுக்கு
ஆளுக்கு நாற்பத்தைந்து டாலரா?

எர்கேஷுக்கு வாசித்துக் காட்டினேன்.
வண்டிக்கு அடியில் கிடந்தான்.
வெளியே நீட்டிய கால்கள் மட்டும் சிரித்தன.
போன வருஷம் எடுத்தோமே ஒரு நாளை,
என்றான் பிறகு.

எடுத்தோம்.
ஒரு பல் மருத்துவர். மலை பழகினவர்.
ஏறிய சிகரங்களை
விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.
நான்காம் இரவு, மேய்ச்சல் நிலத்துக் கம்பளிக் கூடாரத்தில்,
மனைவியின் பெயரைத் தேடத் தொடங்கினார்.
சட்டைப் பையில் தேடினார், காலுறைக்குள் தேடினார்,
கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் அடியில் பார்த்தார்.
நாங்கள் இருப்பதோ மேசை போன்ற நாடு.
அறுநூறு மீட்டர் இறங்க
நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.
ஆக்சிஜன் தலையணையை மடியில் வைத்து
அழுத்தி அழுத்தி என் முழங்கை மரத்தது.
விடியும்போது பெயர் திரும்பி வந்துவிட்டது,
முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.
என்ன பெயர் என்று
எங்களிடம் சொல்லவில்லை.

இதை எழுதினால் ஹில்கே வரமாட்டாள்.
எழுதாவிட்டால்
வந்துவிடுவாள்.

நாத்தனார் பாத்மா மாவு பிசைந்தபடி சொன்னாள்:
உள்ளதைச் சொல், பாதியையாவது.
மீதிப் பாதிக்கு ஒரு பெயர் வை.
கையை உதறி அவளே சொல்லிக்கொண்டு போனாள்,
நான் அடித்துக்கொண்டு போனேன்:

காலை, அடிபம்பு வரை நடந்து தண்ணீர் எடுத்தல்.
(வரிசையில் நிற்கும் பெண்கள் உங்களைப் பற்றிப் பேசுவார்கள்.
கேட்டால் மொழிபெயர்ப்பேன், கொஞ்சம் மாற்றி.)
பிறகு சந்தை. கப்பலைக் கண்டிராத ஊரில்
கப்பல் பெட்டிகளே கடைகள்.
சீனத்துக் காலுறை, ரஷ்ய மிட்டாய், பேட்டரி.
மதியம், படுத்திருத்தல்.
உப்புப் போட்ட பால் தேநீர், மறுக்கக் கூடாது.
காதுக்குள் உங்கள் இதயம் அடிப்பது கேட்கும்.
அது எங்கள் ஜெனரேட்டர் அல்ல.
மாலை, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம்
வீட்டில் யார் யார் என்று கேட்க வேண்டும்.
பெயர்கள் தடுமாறினால்
என்னை எழுப்புங்கள், எந்நேரமானாலும்.

தலைப்பு: முர்காப் நகர் உலா.
தூரம்: நானூறு மீட்டர்.
நேரம்: ஒரு முழு நாள்.
கட்டணம் அதேதான்.

எட்டு ஐம்பதுக்கு ஹில்கே எழுதினாள்: அருமை!
அந்த உலாவுக்குத் தனிக் காலணி வேண்டுமா?

வேண்டாம் என்று அடித்தேன்.
அனுப்பும் முன் விளக்குப் போயிற்று.
ஒரு சாம்பல் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றி
அதுவும் நின்றது.

கொட்டகையிலிருந்து எர்கேஷ் ஸ்பானர் கேட்டான்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பேசுகிற குரல்.
எடுத்துக்கொண்டு போனேன். முப்பது அடி இருக்கும்,
லேசான ஏற்றம்.
இங்கேயே பிறந்தவள்தான்,
ஆனாலும் பாதியில் ஒருமுறை நின்றேன்.

பதினேழு கேட்டேன், இது பதினான்கு,
என்றன கால்கள்.