நின்றாலும் எரியும் கார்

முன்னுக்கு விட்டால் முன்லைற் எரியும்.
பின்னுக்கு இழுத்தால் பின்லைற் சிவக்கும்.
ரிமோட்டில் இருந்து விரலை எடுத்தால்
இரண்டும் போய்விடும்.

"நிண்டா ஏனம்மா நூருது?"
என்று கேட்டாள் சப்திகா.

என்னிடம் விடை இருக்கவில்லை.
ஒரு சின்னத் திருப்புளி இருந்தது,
றெஜினோல்ட் கடையில் இரவல் வாங்கிய
ஈயக்கோல் இருந்தது,
போயா விடுமுறை இருந்தது.

அடித்தட்டுக்கு நாலு ஆணி.
மூன்று சொன்னபடி கழன்றன.
நாலாவது தலை தேய்ந்த பிடிவாதம்;
மீன் வெட்டும் கத்தி நுனியால் வழிக்கு வந்தது.

உள்ளே,
மோட்டரின் இரண்டு காதிலும் இருந்து
லைற்றுக்கு வயரை இழுத்திருந்தாள்
சீனத்தில் யாரோ ஒருத்தி.
ஒருத்தியென்று எப்படித் தெரியும்?
தெரியாது. ஆனால்
ஈயம் ஒரு பக்கம் வழிந்து கிடந்த அவசரம் தெரியும்.
கிளிநொச்சியில் நான் மணிக்கு
அறுபது கொலர் தைக்கிறவள்.

மோட்டர் குடித்தால்தான் லைற்றுக்கும் ஒரு வாய்.
இவ்வளவுதான் இதன் சூக்குமம்.
மோட்டர் திரும்பிச் சுற்றினால்
வெள்ளை அடங்கிச் சிவப்பு முழிக்கும்.
இந்தச் சின்ன பல்புகளுக்கு
நீட்டுக்கால், கட்டைக்கால்;
நீட்டுக்கால் வழியாக வந்தால்தான் கதவைத் திறக்கும்.

வெட்டினேன். சீவினேன்.
பற்றரிக்கு நேரே கொடுத்தேன்.
வலது கண் ஒருதரம்
நீலமாய்க் கத்திவிட்டுக் கருகியது.
"அதுக்கு நொந்திட்டுதம்மா."
"இல்லை பிள்ளை, அது பிளாஸ்ரிக்."
சொன்ன பிறகு ஊதினேன்.

றெஜினோல்ட் சிரித்தார்.
நாலு செல், ஆறு வோல்ற்.
வெள்ளைக்கு மூன்று காணும்.
மிச்ச மூன்றையும்
ஆரோ ஒருத்தர் நடுவில் நின்று தாங்க வேணும், தங்கச்சி.
தாங்குகிற இரண்டு பேரைத்
தாளில் மடித்துத் தந்தார்:
மண்ணிறம், பச்சை, மண்ணிறம்,
தள்ளி ஒரு பொன் கோடு.
அரிசி மணிக்குச் சீலைக் கரை போட்டதுபோல.

வெள்ளை பல்பு முடிந்துவிட்டதாம்.
திருவிழாச் சரத்தில் இருந்து கழன்ற
மஞ்சள் ஒன்றுதான் கிடந்தது.
எடுத்துக்கொண்டு விசுவமடுச் சந்தியால்
வெயிலில் நடந்தேன்.

ஈயம் உருகி வயரைக் கவ்வியது.
ஆறும்வரை அசைக்கக்கூடாது.
அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்
அந்த உழவு இயந்திரம் வந்தது.

சப்திகாவின் வயது எனக்கு.
பெட்டி நிறையச் சட்டி, பாய், ஆட்கள்.
லைற் போடாமல் ஓடும்.
முன்னால் ஒரு மனிசன்
வெள்ளைச் சாரத்தோடு நடக்க,
அந்தச் சாரத்தைப் பார்த்துப் பார்த்து
வண்டி பின்னால் ஊரும்.
நின்ற இடத்தில் எரிவதைப் பற்றி
அன்று ஆரும் கேட்கவில்லை.

இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
ஈயம் ஆறிவிட்டிருந்தது.

பழைய ரோச் லைற்றின் சுவிச்சைக்
கூரையில் ஒட்டினேன்.
மோட்டருக்கு மோட்டரின் வழி,
வெளிச்சத்துக்கு வெளிச்சத்தின் வழி.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
முற்றத்து மணலில் கொண்டுபோய் வைத்தாள்.
டிக்.
ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள்,
காய்ச்சல் பிடித்த பூனைபோல
வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றது கார்.

"ஓட்டன் பிள்ளை."
"வேண்டாம். நிக்கட்டும்."

முதலில் ஈசல்கள் வந்தன.
பிறகு தண்ணீர் வாளிக்கடியில் இருந்து
ஒரு தேரை,
அவசரமில்லாமல் வந்து
மஞ்சள் கண்ணுக்கு முன்னால் குந்தியது.
நாக்கு போனதும் தெரியவில்லை,
வந்ததும் தெரியவில்லை.
ஈசல் மட்டும் குறைந்தது.

நூர்க்க விடமாட்டேன் என்றாள்.
விடியப் பற்றரி செத்திருக்கும்,
நாலு செல் இருநூற்று நாற்பது ரூபா
என்று வாயெடுத்தேன்.
தேரை இன்னும் ஒன்றை விழுங்கியது.