வந்துட்டமா

வேலப்பா,
உன்னைத் திட்டிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினேன்.
மன்னவனூரிலிருந்து கடைசி பஸ் ஐந்து மணிக்கே போய்விட்டது.
பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது ஏழரைக்கு.
பதினோரு நாளில் மூன்றாவது தடவை.

பூம்பாறைக்கு மேலே ரோடு திரும்பும் இடத்தில்
கீழே உன் கோயில் விளக்கு தெரியும்.
அந்த இடம் வந்தால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.
இன்று மேகம். விளக்கும் இல்லை, ஊரும் இல்லை.
"இங்கனதான் இருக்கும்" என்றார் சவரிமுத்து அண்ணன்,
அவர் சாமிகூட இல்லை நீ.
என் இரண்டு கையிலும் பிள்ளை.
ஒரு கை சும்மா இருந்திருந்தால் போட்டிருப்பேனா?
சொல்ல மாட்டேன்.

ஆடி மழையில் பூண்டு அழுகியபோது உன்னைக் கேட்கவில்லை.
திருப்பூருக்குப் போன மனுஷன்
மாதம் ஒரு போன் என்று சுருங்கியபோதும் கேட்கவில்லை.
கேட்பதற்கு ஒன்றே ஒன்றைப் பத்திரமாய் வைத்திருந்தேன்.
அதில் வந்து கை வைக்கிறாய்.

மதுரைக்குப் போன ரத்தம்
இன்னும் பதில் எழுதவில்லை.
"வரட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா,
என்னைப் பார்க்காமல்
பேனா மூடியைப் பார்த்து.

அண்ணன் தலையை வெளியே நீட்டி
ரோட்டோரக் கல்லைக் கல்லாய்த் தேடி ஓட்டுகிறார்.
அவர் வாயில் மாதா முணுமுணுப்பு.
நான் உன் பேரைச் சொல்லவில்லை.
வீம்புதான்.

ஒரு வளைவில் காட்டுமாடு குறுக்கே நின்றது.
ஹார்ன் அடிக்கக் கூடாது.
எஞ்சினை அணைத்தார்.
தைல மரத்திலிருந்து
ஜீப் கூரைமேல் சொட்டு.
ரொம்ப நேரம் கழித்து
இன்னொரு சொட்டு.

அப்போதுதான் பூவிழி கண்ணைத் திறந்தாள்.
"அம்மா, வந்துட்டமா?"
"வந்துட்டோம், சாமி."
பாதி வழிகூட ஆகவில்லை.
எந்த வளைவில் நிற்கிறோம் என்று எனக்கே தெரியாது.
கேட்டாள், கிடைத்தது, போதும்.
என் கழுத்துக்குழியில் மூக்கைப் புதைத்துத்
தூங்கிப்போனாள்.

அவளுக்கு என்ன தெரியும் என்னை?
தோடு அடகில் இருப்பது தெரியாது.
முழங்கால் நடுங்குவது தெரியாது.
பூண்டும் அடுப்புப் புகையும் மணக்கும்
இந்தக் கழுத்து தெரியும்.
அதை வைத்துக்கொண்டு
எப்படித் தூங்குகிறாள் பார்.

எனக்கும் உன்னைப் பெரிதாய் ஒன்றும் தெரியாது வேலப்பா.
ஈரக் கல் வாசனை. திருநீறு.
கூட்டத்தில் எக்கிப் பார்த்தால் தெரியும்
கால் முகம்.
உன்னையும் குழந்தை என்றுதான் சொல்கிறார்கள்.
குழந்தையிடம் போய் எதைச் சொல்லி அழ?
உனக்கும் இந்த இருட்டில் வழி தெரியாதோ,
நீ யார் தோளில் கிடக்கிறாயோ.

பிள்ளையைச் சாமி என்கிறேன்,
சாமியைப் பிள்ளை என்கிறேன்.
யாரை யார் தூக்கிப் போகிறோம் என்று
இந்த மேகத்துக்குள் பிரிக்க முடியவில்லை.

காட்டுமாடு திரும்பி ஒருமுறை பார்த்தது.
அதற்குத் தோன்றிய நேரத்தில்
சரிவில் இறங்கியது.
அண்ணன் சாவியைத் திருகினார்,
இரண்டாம் தடவை பிடித்தது.

நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை.
அது பெரிய வார்த்தை, என் வாய்க்குள் நுழையாது.
இன்னும் எத்தனையோ வளைவு.
பிறகு கொடைக்கானல் வெளிச்சம், பிறகு ஊசி,
பிறகு மதுரைக் காகிதம்,
அதற்குப் பிறகு என்ன என்று
எனக்குத் தெரியாது.

ஆனால் நானும் கேட்கிறேன்,
வந்துட்டமா?

பொய்யாகவாவது சொல், சாமி.
கொஞ்ச நேரம்
கண்ணை மூடிக்கொள்கிறேன்.