மூன்றாவது பொத்தான்

முதல் மூன்று மாதம்
அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பென்னாகரம் தாலுகா ஆபீசில்
உதவித்தொகைப் பிரிவின் ஜன்னலை
எந்தக் காலத்திலோ யாரோ
தரையிலிருந்து மூன்றடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
நாற்காலியில் இருக்கும் எனக்குச் சரியான உயரம்.
வெளியே நிற்பவர் குனிய வேண்டும்.
குனிந்தார்கள்.
மனுவோடு இணைக்க வேண்டிய நகல்களில்
அதுவும் ஒன்று என்று
நானும் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

இவர் குனியவில்லை.
சட்டத்துக்குள் தெரிந்தது
சட்டையின் மூன்றாவது பொத்தான்,
பொத்தான் இருந்த இடத்தில் ஓர் ஊக்கு.
குரல் மேலே, சுவரிடம் சொல்வதுபோல:
"சென்றாயன்ங்க. ஏரியூர் தாண்டி.
போன மாசமும் வந்தங்க."

குனிஞ்சு பேசுங்க, என்றேன்.
"ஆவாதுங்க."
திமிர் என்று குறித்துக்கொண்டேன், மனசில்.
தாளில் வழக்கமான வரி:
உரிய சான்று இணைக்கப்படவில்லை.

ஒரு புதன்கிழமை டீக்கடையில் நின்றிருந்தேன்.
எதிரே அதே ஊக்கு.
பஸ் வருகிறதா என்று பார்க்க
அவர் கழுத்தைத் திருப்பவில்லை.
காலை எடுத்துவைத்து ஆளே திரும்பினார்,
பீரோவை நகர்த்துவதுபோல.
கையிலிருந்து ஐந்து ரூபாய் விழுந்து உருண்டது.
பார்த்தபடி நின்றார்.
பள்ளிக்கூடப் பையன் எடுத்துக் கொடுத்ததும்
சிரித்தார்.

அந்தப் பல் எனக்குத் தெரியும்.
பாப்பாரப்பட்டியில் என் வகுப்பில்
பாதிப் பேருக்கு அதே துருப்பிடித்த பல்.
குரூப் போட்டோவுக்கு
வாயை மூடிச் சிரிக்கப் பழகியவர்கள் நாங்கள்.
எனக்குப் பல்லோடு நின்றது.
அவருக்கு ஒரே போர்த் தண்ணி, முப்பது வருஷம்,
முதுகெலும்பு வரை இறங்கியிருந்தது.

அடுத்த முறை குரல் கேட்டதும் எழுந்தேன்.
நாற்காலியைத் தள்ளிவிட்டு
ரெக்கார்டு ரூமைச் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போக
இருபத்திரண்டு எட்டு.
பழைய மனுக்கட்டைப் பிரித்தோம்.
டாக்டர் சான்று இருந்தது,
கடைசித் தாளுக்குப் பின்னால்,
ஓர் ஊக்கில்.
அவரிடம் இருந்தது இரண்டு ஊக்கு.

ஆடியிலிருந்து அவருக்குப் பணம் வருகிறது.
ஜன்னல் அதே இடத்தில் இருந்தது.

உயர்த்தலாம் என்று குறிப்பு வைத்தேன்.
திரும்பி வந்தது, கேள்விகளோடு:
செலவு எந்தக் கணக்குத் தலைப்பில்?
பராமரிப்பா, மாற்றியமைப்பா?
குனிய இயலாதோர் எத்தனை பேர்?
காலண்டரின் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன்.
ஒரு மாதத்தில் அறுபத்தொன்று.
இரக்கத்துக்குத் தலைப்பு கிடையாது.
அறுபத்தொன்றுக்கு இருந்தது.
கோப்பு நகர்ந்தது, பதினோரு மாதம்,
நடுவில் இரண்டு தாசில்தார் மாறி.

கொத்தனார் அன்வர் வந்தார்.
"எவ்வளவு உயரம்மா வேணும்?"
எஸ்டிமேட்டில் இருந்தது. நான் பார்க்கவில்லை.
அன்று மனு கொடுக்க வந்த ஒருவரை,
சென்றாயன் இல்லை, அவரைப்போல விறைத்த இன்னொருவரை,
சுவரோரம் நிற்கச் சொன்னோம்.
தாடைக்கு நேரே சாக்பீஸ் கோடு.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை மேலே உடைத்து, கீழே அடைத்து,
திங்கட்கிழமை காலை ஜன்னலில் வரிசையாக முகங்கள்.
கண்ணில் பீளை, மூக்குத்தித் தழும்பு,
வெயிலில் நடந்து வந்த நெற்றி.
இத்தனை நாள் பொத்தான்களோடு பேசியிருக்கிறேன்.
கோப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வது
கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

பதினொன்றரைக்கு ஜன்னல் காலியாக இருந்தது.
வெற்று வெளிச்சம், எதிரே வேப்பமரம்.
குரல் மட்டும் வந்தது, கீழேயிருந்து,
அடைத்த செங்கலுக்குப் பின்னாலிருந்து:
"அம்மா, கோவிந்தி. நல்லாம்பட்டி.
சக்கரப் பலகையில வந்திருக்கேன்.
போன மாசம் இங்க ஓர் ஓட்டை இருந்துச்சே?"

இருபத்திரண்டு எட்டு.
போகிற வழியிலேயே அன்வருக்குப் போன் போட்டேன்.
அவர் சிரித்தார்.
"பூச்சு இன்னும் ஈரந்தாம்மா.
இடிக்கணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க."